மெதுவாக ஓட்டினால் போதுமா? (வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புது ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினின் ‘ரன்னிங் இன்’ பற்றித்தான், அதாவது புது எஞ்சினை முதல் சில கிலோமீட்டர்கள் பக்குவமாக ஓட்டிப் பழக்குவது பற்றி. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். சுருக்கமாகக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாகவும், குழம்பிப்போய்க் கேட்டவர்களுக்குக் கொஞ்சம் நீட்டியும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அய்யா, ஆசைப்பட்டு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறேன். முதல் 2000 கி.மீ. வரை எஞ்சின் நிமிடத்துக்கு 5500 சுற்றுகளைத் தாண்டாதே என்கிறது புத்தகம். முதல் நாளே முறுக்கி ஓட்டினால்தான் எஞ்சினுக்கு வேகம் பழகும் என்கிறான் நண்பன். விற்பனையாளரோ, இந்தக் காலத்து எஞ்சினுக்கு ரன்னிங் இன் எல்லாம் தேவையே இல்லை என்று சிரிக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

புத்தகத்தைக் கேளுங்கள். நண்பர் சொல்வதில் கால்வாசி உண்மை உண்டு. விற்பனையாளரிடம் சாவியை வாங்கியாகிவிட்டதல்லவா, அத்தோடு அவர் வேலை முடிந்தது.

தம்பி, எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்த மூன்று பேரும் எங்கே சரி, எங்கே தவறு என்று உங்களுக்கே புரிந்துவிடும். சிலிண்டரின் உட்சுவர் பார்வைக்கு வழவழப்பாக இருக்கும், ஆனால் வழவழப்பு இல்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த நுண்ணிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவது தெரியும். ‘ஹோனிங்’ என்ற தேய்ப்பு வேலையில் கல்லால் வேண்டுமென்றே போட்ட கீறல்கள் அவை. கீறலின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டின் மேல் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையம், அதாவது ரிங், உரசும். புது எஞ்சினில் அந்த மேடுகள் இன்னும் கூராக இருக்கும். ரிங்கின் விளிம்பும் அந்தச் சுவரோடு இன்னும் முழுமையாகப் படிந்திருக்காது. இரண்டும் ஒன்றையொன்று தேய்த்துச் சமமாக்கிக்கொண்டு, இடையில் காற்றுப் புகாமல் படிய வேண்டும். ரன்னிங் இன் என்பதில் எஞ்சினைப் பொறுத்தவரை முக்கால்வாசி இதுதான்.

இனி நண்பரின் கால்வாசி உண்மைக்கு வருவோம். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது ரிங்கின் சொந்த விறைப்பு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சிறு பங்குதான். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அழுத்தமான வாயு, ரிங்கின் மேலே புகுந்து பின்பக்கம் போய் அதை வெளியே தள்ளுகிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டே ஓட்டினால் அந்த அழுத்தம் குறைவு. ரிங் சோம்பலாகச் சறுக்கிக்கொண்டே போகும். கீறல்களில் தங்கிய ஆயில் மெல்ல மெல்லச் சூடேறி, கருகி, வார்னிஷ் பூசியது மாதிரி படிந்துவிடும். அப்படிப்பட்ட எஞ்சின்களைத் திறந்து பார்த்திருக்கிறேன். கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் நம் முகமே தெரியும். அதன் பிறகு ரிங் படியாது, ஆயில் குடிக்கும். மறுபடி ஹோனிங் போட்டு, ரிங் மாற்றினால்தான் சரியாகும். ‘பாவம் புது எஞ்சின்’ என்று முட்டை மேல் நடப்பது போல ஓட்டியவர்களின் கார்கள்தான் பெரும்பாலும் இந்த நிலைக்கு வரும்.

அப்படியானால் ஷோரூம் வாசலிலிருந்தே முறுக்கிவிடலாமா? கூடாது. கூரான மேடுகள் உரசும் இடத்தில் சூடு அதிகம். இடைவெளி விடாமல் அழுத்தினால் அங்கே உலோகம் தேய்வதற்குப் பதிலாகக் கிழிபடும். ரிங்கிலும் சுவரிலும் நெடுக்காகக் கோடு விழும். அந்தக் கோட்டை எந்த ஆயிலும் அழிக்காது. அழுத்தம் வேண்டும், ஆனால் விட்டு விட்டு வேண்டும். அழுத்தும்போது ரிங் படிகிறது. விடும்போது ஆயில் வந்து சூட்டையும் உதிர்ந்த துகளையும் கொண்டுபோகிறது.

சாலையில் செய்து பார்ப்பது சுலபம். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, போக்குவரத்து இல்லாத, ஏற்றமும் இறக்கமும் கலந்த சாலையாகப் பாருங்கள். மூன்றாவது கியர், 2000 சுற்று. அங்கிருந்து ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கும் சற்று அதிகமாக, ஆனால் வெடுக்கென்று இல்லாமல் மிதித்து 4000 வரை கொண்டுபோங்கள். பிறகு காலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும். திரும்ப 2000க்கு இறங்கியதும் கொஞ்ச தூரம் சாதாரணமாக ஓட்டிவிட்டு மறுபடியும் செய்யுங்கள். கால் எடுக்கும் அந்தப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுவும் பாதி வேலை. எஞ்சினுக்குக் காற்று விடும் த்ராட்டில் மூடியிருக்கும்போது பிஸ்டனுக்கு மேலே வெற்றிடம் உண்டாகி ஆயிலை மேலே இழுக்கிறது, ரிங் கழுவப்படுகிறது. கிலோமீட்டர் ஏற ஏற உச்சியைச் சில நூறு சுற்றுகளாக உயர்த்திக்கொண்டே போகலாம். புத்தகம் சொல்லும் எல்லையை மட்டும் தாண்டாதீர்கள்.

விற்பனையாளர் சொன்னதையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இப்போதெல்லாம் ஆலையிலேயே முதலில் ஆழமாக ஹோனிங் போட்டு, பிறகு மெல்லிய கல்லால் மேடுகளின் நுனியை மட்டும் சீவிவிடுகிறார்கள். முன்பு காரின் சொந்தக்காரர் வாரக்கணக்கில் செய்த வேலையில் பெரும்பகுதி ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. பிரிட்டனில் ஒரு காலத்தில் புது கார்களின் பின் கண்ணாடியில் ‘ரன்னிங் இன், முந்திச் செல்லுங்கள்’ என்று அட்டை ஒட்டிக்கொண்டு ஊர்ந்து போவார்கள். அந்த அட்டைக்குத்தான் இப்போது வேலை இல்லை. மீதி வேலை இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறதே, ஏன்?

எஞ்சின் ஒவ்வொன்றும் வேறு என்பதால்தான். பி.எம்.டபிள்யூ.வின் எம் வரிசை பெட்ரோல் கார்களுக்கு 2000 கி.மீ. போர்ஷே 911 கையேடுகள் 3000 கி.மீ. வரை 4000 சுற்றுகளை ஒட்டியே நிற்கச் சொல்கின்றன. சுபாரு 1600 கி.மீ. வரை 4000க்குள் நிற்கச் சொல்கிறது. ஹோண்டா 1000 கி.மீ.யோடு விட்டுவிடுகிறது. கொர்வெட் முதல் 800 கி.மீ.யைக் கவனமாக ஓட்டச் சொல்லி, 2400 கி.மீ. ஆகும்வரை பந்தய ட்ராக் பக்கமே போகாதே என்கிறது.

சுவர் வார்ப்பிரும்பு லைனரா (சிலிண்டருக்குள் பொருத்தும் உறை), அலுமினியத்தின் மேல் பூச்சா, ரிங்கின் உலோகம் எது, கூடவே கியர் பாக்ஸும், சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலும் எப்படிப்பட்டவை என்று எல்லாம் சேர்ந்துதான் இந்த எண். நிஸ்ஸான் ஜி.டி.-ஆர். எஞ்சினில் லைனரே கிடையாது. அலுமினியச் சுவரின் மேல் பிளாஸ்மா முறையில் மெல்லிய உலோகத்தைத் தெளித்திருப்பார்கள். 2025இல் அந்தக் காரின் தயாரிப்பு நிற்கும்வரை, யோகஹாமாவில் ஒவ்வொரு எஞ்சினையும் ஒரே கைவினைஞர் முழுவதுமாகக் கோத்து, தன் பெயர்ப் பலகையையும் அதில் பொருத்தி அனுப்பினார். அவ்வளவு பக்குவமாகச் செய்த எஞ்சினுக்கும் 2000 கி.மீ. வரை படிப்படியான அட்டவணை உண்டு. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் காரின் எண்ணை உங்கள் காருக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

கேள்வி: ஒரே இரவில் நெடுஞ்சாலையில் க்ரூஸ் கண்ட்ரோல் போட்டு 1000 கி.மீ. ஓட்டிவிட்டால் ரன்னிங் இன் முடிந்துவிடும் அல்லவா?

ஓடோமீட்டருக்கு முடிந்துவிடும். எஞ்சினுக்கு முடியாது.

ஆறாவது, ஏழாவது கியரில் ஒரே வேகத்தில் போகும்போது எஞ்சின் கிட்டத்தட்ட ஓய்வில்தான் இருக்கிறது. அழுத்தம் குறைவு, மாற்றமும் இல்லை. முதல் பதிலில் சொன்ன வார்னிஷ் படிவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதே என்று கையேடுகள் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். நெடுஞ்சாலையைத் தவிர்க்க முடியாவிட்டால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை கியரை இறக்கி வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். பின்னால் வருபவர் ஹாரன் அடிக்காத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். வளைவும் மேடும் இறக்கமுமாக இருக்கும் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால், க்ரூஸ் கண்ட்ரோலில் ஓட்டும் முழு இரவைவிட எஞ்சினுக்குப் பயன் அதிகம்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நிற்கவைத்துச் சூடாக்கிவிட்டுத்தான் எடுக்கிறேன். சரிதானே?

சரியில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் கூடுதலாக உள்ளே போகும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். நின்றுகொண்டே இருந்தால் அந்த நிலை நீடிக்கும். அரை நிமிடம் போதும், ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். உடனே கிளம்புங்கள், குறைந்த சுற்றில் மென்மையாக ஓட்டுங்கள்.

தண்ணீர் வெப்பநிலை முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் தயார் என்று நம்பிவிடுகிறார்கள். ஆயில் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தண்ணீர் சூடாகி வெகுநேரம் ஆன பிறகும் ஆயில் அரைகுறைச் சூட்டில்தான் இருக்கும். உங்கள் காரில் ஆயில் வெப்பநிலை காட்டும் வசதி இருந்தால் அதையே பாருங்கள். 80 டிகிரியைத் தாண்டட்டும், அப்புறம் முறுக்கலாம். பி.எம்.டபிள்யூ. எம்3 இ46 மாடலில் எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரைச் சுற்றி ஆரஞ்சு விளக்குகள் வைத்திருந்தார்கள். ஆயில் சூடாகச் சூடாக அவை ஒவ்வொன்றாக அணையும், அனுமதிக்கப்பட்ட சுற்று மேலே போகும். அதைப் போல உருப்படியான அலங்காரத்தை நான் எந்த டேஷ்போர்டிலும் பார்த்ததில்லை.

இந்த விதி ரன்னிங் இன் முடிந்த பிறகும் உண்டு.

கேள்வி: என் மகன் புதிதாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரை என்னிடம் தரவே மாட்டேன் என்கிறான். “அம்மா, ரன்னிங் இன் முடியட்டும், நீ மெதுவாக ஓட்டிக் கெடுத்துவிடுவாய்” என்கிறான். நான் ஓட்டினால் கெட்டுவிடுமா?

கெடாது அம்மா. நகருக்குள் நின்று நின்று, வேகம் கூடிக் குறைந்து ஓட்டுவது புது எஞ்சினுக்கு நல்லதுதான். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று 40 கி.மீ. வேகத்திலேயே ஐந்தாவது கியருக்குப் போய், அங்கிருந்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தித் திணறவிடாதீர்கள். டர்போ எஞ்சினில் குறைந்த சுற்றில் அதிகப் பாரம் ஏற்றினால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகத் தீப்பற்றும் அபாயம் உண்டு. பிஸ்டனையே உடைத்த சம்பவங்கள் இருக்கின்றன. ஒரு கியர் இறக்கிக்கொண்டு ஓட்டுங்கள்.

மகன் சொல்வது எஞ்சின் மேல் உள்ள அக்கறை மாதிரி எனக்குத் தெரியவில்லை. பாதியை நீங்கள் ஓட்டி முடித்துவிட்டால் அவனுக்குக் குறைந்துபோகும் அல்லவா!

கேள்வி: முதல் ஆயிலை 500 கி.மீ.யிலேயே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். கம்பெனியோ முதல் சர்வீஸ் வரை தொடாதே என்கிறது. வடித்த ஆயிலில் மினுமினுப்பு இருந்தால் பயப்பட வேண்டுமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஹோண்டா போன்ற சிலர், ஆலையில் ஊற்றிய ஆயிலைக் குறித்த காலத்துக்கு முன் மாற்றாதே என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். பி.எம்.டபிள்யூ. எம் கார்களுக்கோ 2000 கி.மீ.யில் ரன்னிங் இன் சர்வீஸ் என்றே தனியாக ஒன்று உண்டு. எஞ்சின் ஆயிலோடு டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றுவார்கள். உங்கள் கம்பெனி மாற்றாதே என்று சொன்னால் மாற்றாதீர்கள், வாரண்டியில் வம்பு வேண்டாம். புத்தகம் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், 1500 – 2000 கி.மீ.யில் ஒருமுறை மாற்றிவிடுவது என் பழக்கம். புது எஞ்சின் உதிர்க்கும் துகளில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும்.

ஆயில் வடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் ஆயிலை வெயிலில் பிடித்தால் மிக நுண்ணிய வெள்ளிப் பொடி கரைத்தது போல மினுங்கும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் எதுவும் தட்டுப்படக் கூடாது. வடிகால் போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். இவையெல்லாம் இயல்பு. விரலில் நறநறவென்று தட்டுப்பட்டால், காந்தத்தில் நகக்கீற்று மாதிரி சீவல் நின்றால், செம்பு நிறத்தில் செதில் தெரிந்தால் விஷயம் வேறு. கடைசியாகச் சொன்னது பேரிங்கிலிருந்து வருவதாக இருக்கலாம். ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வெட்டி, உள்ளே இருக்கும் தாளை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். எஞ்சினைத் திறக்காமல் எஞ்சினுக்குள் பார்க்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. அலுமினியத் துகள் காந்தத்தில் ஒட்டாது, ஃபில்டரில்தான் சிக்கும்.

மாற்றும் தேதியைவிட முக்கியமானது ஆயில் அளவு. ரிங் படியும்வரை எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கை இழுக்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாமல் திரையில் காட்டும் கார் என்றால் அதற்கான முறை கையேட்டில் இருக்கும். குறையும் வேகம் நாளாக ஆகத் தணிந்து ஒரு நிலைக்கு வந்துவிட்டால் ரிங் படிந்துவிட்டது என்று அர்த்தம்.

‘பழக்கும் காலத்துக்கு’ என்று யாராவது ஆயிலில் கலக்கும் தனி ஆடிட்டிவ் புட்டி நீட்டினால் வாங்காதீர்கள். உராய்வைக் குறைப்பதாகச் சொல்லி விற்பதை, உரசிப் படிய வேண்டிய நேரத்தில் ஏன் ஊற்ற வேண்டும்?

கேள்வி: மின்சார ஸ்போர்ட்ஸ் காருக்கும் ரன்னிங் இன் உண்டா?

படிய வேண்டிய ரிங் இல்லை, அதனால் எஞ்சின் கவலை இல்லை. டயரும் பிரேக்கும் எல்லாக் காரிலும் ஒன்றுதான். கீழே படியுங்கள்.

கேள்வி: எஞ்சினை மட்டும் பார்த்துக்கொண்டால் போதுமா?

போதாது. இதை யாருமே கேட்பதில்லை, நீங்கள் கேட்டீர்கள், நன்றி.

டயரிலிருந்து தொடங்குவோம். அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய பொருளின் எச்சம் புது டயரின் மேல் இருக்கும். சில நூறு கி.மீ. ஓடித் தேயும்வரை முழுப் பிடிப்பு வராது. ஐந்நூறு குதிரைத் திறன் பின்சக்கரத்துக்குப் போகும் காரில், ஈரச் சாலையில், முதல் வாரத்தில் சுழன்று தடுப்பில் முட்டியவர்கள் உண்டு. அவர்களுடைய எஞ்சின் ரன்னிங் இன்னில் எந்தக் குறையும் இருந்திருக்காது!

அடுத்து பிரேக். பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க் முழுவதும் சீராக ஒட்ட வேண்டும். முதல் 300 கி.மீ. வரை திடீர் பிரேக் வேண்டாம். அதற்குப் பிறகு வெறிச்சோடிய சாலையில் 100லிருந்து 30 வரை மிதமான அழுத்தத்தில் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, மறுபடி குறைத்து, இப்படிச் சில முறை செய்யுங்கள். முழுவதுமாக நிறுத்தக் கூடாது. சூடான பேடை அழுத்திக்கொண்டே நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஸ்டியரிங் நடுங்கும், டிஸ்க் வளைந்துவிட்டது என்று ஒருவர் சொல்லி மாற்றவும் வைப்பார். முடித்ததும் பிரேக்கைத் தொடாமல் சில கி.மீ. ஓட்டி ஆறவிடுங்கள்.

டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனும் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று சறுக்கவும் செய்கின்றன. முதல் ஓட்டத்தில் அங்கேயும் சூடு அதிகம். நீண்ட முழு மிதி கூடாது என்று சொல்வதற்கு எஞ்சின் அளவுக்கு இதுவும் காரணம். மேனுவல் கியர் காரில் கிளட்ச்சைப் பாதி மிதித்துக்கொண்டு ஏற்றத்தில் நிற்பதை விட்டுவிடுங்கள். பிளேட் இன்னும் படியவில்லை. நின்ற இடத்திலிருந்து காரைப் பாயவைக்கும் லாஞ்ச் கண்ட்ரோல் என்ற பொத்தானை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சில கார்களில் குறிப்பிட்ட தூரம் ஓடும்வரை அதுவே வேலை செய்யாது.

கேள்வி: 2000 கி.மீ. முடிந்து சர்வீஸும் ஆகிவிட்டது. இனி ரெட்லைன் வரை, அதாவது எஞ்சின் சுற்றின் உச்ச எல்லை வரை, மிதிக்கலாமா? அடுத்த மாதம் ட்ராக்குக்குப் போகத் திட்டம்.

மிதிக்கலாம். ஆனால் 2001ஆவது கி.மீ.யிலேயே வேண்டாம். முதலில் 500 சுற்று கூட்டி இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள், அப்புறம் இன்னொரு 500. ரெட்லைனைத் தொட்டதும் அங்கேயே தொங்காமல் கியரை ஏற்றிவிடுங்கள்.

ட்ராக்குக்கு முந்தின நாள் ஆயில் அளவைப் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டை ஒட்டி இருக்கட்டும், ஆனால் தாண்ட வேண்டாம். பிரேக் ஆயில் எவ்வளவு பழையது என்று கேளுங்கள், கார் புதிது என்பதற்காக அதையும் புதிது என்று எண்ண வேண்டாம். சில கார்கள் மாதக்கணக்கில் யார்டில் நின்றிருக்கும். ட்ராக்கைச் சுற்றும்போது முதல் சுற்று மெதுவாக, நடுவில் நாலைந்து சுற்று உங்கள் ஆசைப்படி, கடைசிச் சுற்று மறுபடி மெதுவாக. உள்ளே வந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் விடுங்கள். பானட்டைத் திறந்து வையுங்கள், ஃபேன் ஓடி முடிக்கட்டும். ஆயில் அளவை மறுபடி பார்த்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள். வீட்டுக்குத் திரும்பிப் போக ஒரு லிட்டர் அதே கிரேடு ஆயில் டிக்கியில் இருக்கட்டும்.